உன் எழுத்துருவில் நான் எழுதிய வரி

எத்தனை சண்டை போட்டாலும் மறுநாள் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்ற என் மாப்ள கதிருக்கு,

நம் கதை போணியாகிவிட்டது. முழுதாக இல்லை, பாதி. போன வாரம் சென்னையிலிருந்து, நம் கதையில் கொஞ்சம் பக்கம் அனுப்பிவைத்தோமே, அந்த சினிமா ஆபீஸ்காரர் கூப்பிட்டார். நான் திருநகரில், பத்திரம் எழுதும் ஆபீசில், யாரோ அண்ணன் தம்பியின் பாகப்பிரிவினையைத் தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பார்ட்டியும் என் தலைக்கு மேல் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள். “கதை பிடிச்சிருக்கு சார், புரொட்யூசர் முழுசா படிக்கணும்ங்கிறார்” என்று அவர் சொன்னதும், அப்படியே எழுந்து வெளியே வந்துவிட்டேன். திருமங்கலம் ரோட்டில், பஸ்ஸும் லாரியும் போகிற வெயிலில், நட்ட நடுப்பகலில் நின்று அழுதேன்.

யாரிடம் சொல்வது? கை தானாக உன் நம்பருக்குப் போயிற்று. செல்வி இன்னும் அதை நிறுத்தவில்லை. மணி அடித்தது. ஒரு நொடி நீ எடுத்துவிடுவாய் என்றே நினைத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். “சொல்லுண்ணே” என்று அவள் குரல் வந்தது. ஒன்றுமில்லை, கை பட்டுவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒரு பெரிய தப்பு நடந்துபோயிருக்கிறது மாப்ள. நீ இருந்திருந்தால் நடந்திருக்காது, நீ இல்லாததால்தான் நடந்தது.

இதை ஒட்டுக் கேட்கிற மற்றவர்களுக்கு நம் கூத்து தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ சிம்மக்கல்லில் மோட்டார் பம்பு விற்கிற கடையில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன். என் தங்கை செல்வியைக் கட்டியவன். நாம் இருவரும் சேர்ந்து ஒரு சினிமாக் கதை எழுதினோம். இருவருக்கும் ஒரே லேப்டாப். அது சில நாள் வில்லாபுரத்தில் உன் வீட்டில், சில நாள் திருநகரில் என் வீட்டில். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் அலைகிற பெண்ணைப்போல அது டவுன் பஸ்ஸில் போய்வந்தது.

திரைக்கதை எழுத ஒரு சாஃப்ட்வேரை இலவசமாக இறக்கினோம். அது இங்கிலீஷுக்குப் பிறந்தது. எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் வருகிற பழைய டைப்ரைட்டர் எழுத்தைத்தான் அதற்குப் பிடிக்கும். நம் தமிழைத் தட்டினால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. பிறகு ஒவ்வொரு ஃபான்டாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் புள்ளி தனியாகப் பறந்தது. ஒன்றில் கொம்பு முன்னால் போய் நின்றுகொண்டு எழுத்தோடு சேர மாட்டேன் என்றது. வசனம் வருகிற இடம் நடுவில் ஒல்லியான பத்திதானே, அதில் நம் ஊர் வார்த்தை ஒன்று போட்டால் அதுவே ஒரு வரியை அடைத்துக்கொண்டது. “மச்சான், நம்மாளுக பேசவே கூடாதுன்னு நெனச்சுப் பண்ணிருக்காய்ங்க” என்று நீ சிரித்தாய்.

கடைசியில் இரண்டு ஃபான்ட் தேறியது. உனக்குப் பிடித்தது குண்டு குண்டாக, உருண்டையாக இருந்தது. அதற்கு நான் பன் பரோட்டா என்று பேர் வைத்தேன். எனக்குப் பிடித்தது மெலிசாக, நெட்டுக்குத்தலாக, பத்திரத்தில் வருவதுபோல் இருந்தது. நீ அதை இடியாப்பம் என்றாய். எதை வைத்துக்கொள்வது என்று ஒரு மாதம் சண்டை. “படிக்கிறவன் கண்ணு வலிச்சா, கதை அவனுக்கு வலிக்காது மச்சான்” என்பது உன் கட்சி. உன் எழுத்தில் போட்டால் கதை மூன்று மணி நேரம் ஓடும், என் எழுத்தில் இரண்டேகால் மணியில் முடியும் என்பது என் கட்சி. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று சினிமாக்காரர்கள் கணக்குப் போடுகிறார்களே, அந்தக் கணக்கு.

தீர்ப்பு சொன்னது செல்விதான். “அவுகவுக எழுதுறத அவுகவுக எழுத்துல எழுதிக்கங்க, சனியன் விட்டுச்சு” என்றாள். அதுவே நம் வழக்கமாகிவிட்டது. நீ எழுதியது பன் பரோட்டாவில், நான் எழுதியது இடியாப்பத்தில். ஒருவர் வரியை இன்னொருவர் திருத்தினால் திருத்தியவரின் எழுத்தில் வரும். செல்வி படிக்கும்போது எழுத்தைப் பார்த்தே யாரைப் பாராட்டுவது, யாரைத் திட்டுவது என்று தெரிந்துகொள்வாள். பெரும்பாலும் என்னைத்தான் திட்டினாள்.

கடைசிக் காட்சிதான் முடியவில்லை. நம் கதாநாயகன் வேலைக்காகக் கப்பலுக்குப் போகிறான். மாட்டுத்தாவணியில் பஸ் நிற்கிறது. பெண்டாட்டி வழியனுப்ப வந்திருக்கிறாள். ஏறுவதற்குமுன் அவளிடம் அவன் என்ன சொல்வான்? ஜனங்கள் மனசில் நிற்கிறமாதிரி ஒரு வசனம் வேண்டும் என்றேன் நான். அந்த நேரத்தில் எவனும் வசனம் பேச மாட்டான், உப்புச்சப்பில்லாமல் எதையாவது சொல்லிவிட்டுப் போவான் என்றாய் நீ. அது என்ன உப்புச்சப்பில்லாதது, சொல்லேன் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாய். அதற்குள் வயிற்றுவலி வந்தது. கணையம் என்றார்கள். கட்டிலில் நீ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனாய். கதையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை, உனக்குத் தெம்பு வரவில்லை.

உன் கருமாதி முடிந்த பிறகு ஒரு நாள் லேப்டாப்பைத் திறந்தேன். மாட்டுத்தாவணிக் காட்சிக்கு நீ தலைப்பு மட்டும் போட்டிருந்தாய். பஸ் நிலையம், வெளி, பகல். அதற்குக் கீழே கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது, உன் எழுத்திலேயே. நான் என் எழுத்துக்கு மாற்றி உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இனிமேல் நான் எழுதவே போவதில்லையோ என்று பயம் பிடித்துக்கொண்டது. பத்திரத்தில்கூட எல்லையைத் தப்புத் தப்பாக அடித்தேன்.

பிறகு ஒரு நாள் மாற்றாமலே உட்கார்ந்தேன். உன் பன் பரோட்டாவிலேயே விரலை வைத்தேன். காட்சி கொட்டிவிட்டது மாப்ள. நீ பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து அடுத்து என்று சொல்வதுபோல் இருந்தது. பஸ்ஸில் ஏறுகிறவன் பெண்டாட்டியைப் பார்த்துச் சொல்கிறான்: “இங்கனயே இரு. எம்புட்டு நாளானாலும் நான் வந்துருவேன்.” அடித்துவிட்டு விம்மி விம்மி அழுதேன். முடித்ததும் என் எழுத்துக்கு மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மாற்றுவதற்குள் செல்வி வந்தாள். நீ எழுதியதையெல்லாம் ஒருமுறை படிக்க வேண்டும்போல் இருக்கிறது என்று லேப்டாப்பை வில்லாபுரத்துக்கு எடுத்துப்போனாள். மறுநாள் காலையில் போன் செய்தாள். குரல் வேறுமாதிரி இருந்தது. “அண்ணே, அவுக எனக்குச் சொல்லிட்டுத்தான் போயிருக்காக” என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே புரியவில்லை. அவள் அந்த வரியைப் படித்துக் காட்டினாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ போனதிலிருந்து அவள் அப்படி ஒரு நிம்மதியோடு பேசி நான் கேட்டதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த நாளைக்குள் அவள் அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். என் அம்மா தெருவில் நாலு பேரிடம், “எங்க மருமகன் போறப்பக்கூட அவளுக்கு ஆறுதல் எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு” என்று சொல்லி முடித்துவிட்டாள். உன் சொந்தக்காரர்கள் என்னையே கூப்பிட்டு, கதிர் எழுதின வரியைப் படித்தாயா என்று கேட்டார்கள். ஆமாம், படித்தேன் என்றேன்.

இதோடு நின்றிருந்தால்கூட என்னவோ சகித்துக்கொண்டு கிடந்திருப்பேன். உனக்குத் தெரியாத சேதி ஒன்று இருக்கிறது. செல்விக்குச் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. தங்க இடம் கொடுக்கிறார்கள், உன் மகள் யாழினிக்கும் அங்கேயே படிப்பு. இப்போது அவனியாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் வாங்குகிற சம்பளத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் எப்படிக் காலம் தள்ளுவாள்? போகிறேன் என்று பெட்டிகூடக் கட்டியிருந்தாள். அந்த வரியைப் படித்த மறுவாரம் பெட்டியைப் பிரித்துவிட்டாள். “அவுக இங்கனயே இருன்னு சொல்லிருக்காகண்ணே. நான் எங்கிட்டுப் போறது?” என்றாள்.

என் ஒரு வரி என் தங்கச்சியைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டது. கேட்டாயா மாப்ள? இப்படியொரு எழுத்தாளனாக வேண்டும் என்றா நாம் ஆசைப்பட்டோம்?

சொல்லத்தான் போனேன். இரண்டு தடவை வில்லாபுரம் வரைக்கும் போய், படியேறி, அவள் கொடுத்த சோற்றைத் தின்றுவிட்டு வந்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்துவிடுகிறேன். இந்த லட்சணத்தில்தான் சென்னைக்காரரின் போன் வந்தது. கதை பிடித்திருக்கிறது என்றவர், கூடவே ஒன்று சொன்னார். “ரெண்டு ஃபான்ட்ல இருக்கு சார், ரெண்டு பேர் மாத்தி மாத்தி அடிச்ச மாதிரி. எல்லாத்தையும் ஒரே ஃபான்ட்ல மாத்தி, பக்கத்தையும் குறைச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க.” ரெண்டு பேர் அடித்ததுதான் சார் என்று சொல்ல வந்தேன். அவர் வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் லேப்டாப்பை வாங்கி வந்து உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒரு ஃபான்ட்டைச் சொடுக்கினால் போதும். அப்போதுதான் அந்தக் கேடுகெட்ட நினைப்பு வந்தது. எல்லாம் ஒரே எழுத்தாகிவிட்டால், எந்த வரி யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. செல்வியாலும் முடியாது. நான் வாயே திறக்க வேண்டாம். அந்த வரி காலத்துக்கும் உன்னுடையதாகவே இருந்துவிடும். நல்லதுதானே, அவள் நிம்மதியாகத்தானே இருக்கிறாள் என்று என் மனசே எனக்கு வக்காலத்து வாங்கியது.

ஆனால் சேலத்தில் திங்கட்கிழமைக்குள் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அது தாண்டினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். உன்னைக் கேட்டால் என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. உன் பேச்சை நானே எழுதிப் பழகிவிட்டதால், எது உன் குரல், எது என் குரல் என்று எனக்கே பிரிக்கத் தெரியாமல் போய்விட்டது. அந்த பயத்தில்தான் எழுந்து, லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

செல்வி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யாழினி டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் சாப்பாடு போட்டுவிடுவாள்.

“செல்வி, அந்த வரி அவன் எழுதுனது இல்லத்தா. நான் எழுதுனது” என்றேன்.

“பன் பரோட்டாவுலதான இருந்துச்சு?”

“என் எழுத்துல எனக்கு வரல. அவன் எழுத்துல அடிச்சாத்தான் வந்துச்சு. மாத்திரலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீ எடுத்துட்டுப் போயிட்ட.”

அவள் கை நிற்கவில்லை. கீரையைக் காம்பிலிருந்து உருவிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று பார்த்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கடைசியா அவுக எங்கிட்ட என்ன சொன்னாகன்னு யாருமே கேக்கலண்ணே” என்றாள். “நீயும் கேக்கல.”

உண்மைதான் மாப்ள. ஒருவரும் கேட்கவில்லை. வசனம் தேடி மண்டையை உடைத்துக்கொண்ட நானும் கேட்கவில்லை.

“‘நீ போயி ஒரு டீ குடிச்சுட்டு வா செல்வி, மொகம் வாடிக் கெடக்கு’ன்னாக. போனேன். ரொம்பச் சூடா இருந்துச்சு. ஊதி ஊதிக் குடிச்சேன். அம்புட்டுத்தான். வந்து பாத்தா கட்டிலச் சுத்தி நர்சுக நிக்கிறாக.”

அவள் அழவில்லை.

“என்னய ஏன் போகச் சொன்னாக, என்னய ஏன் போகச் சொன்னாகன்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. ‘இங்கனயே இரு’ன்னு அவுக எழுத்துல பாத்ததும், சரி, மனசுக்குள்ள என்னய இருக்கத்தான் சொல்லிருக்காகன்னு நெனச்சுக்கிட்டேன். இப்ப அதையும் எடுத்துட்டண்ணே.”

நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிச்சிருத்தா என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, தெரியவில்லை. வெளியே யாரோ தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடினார்கள். கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்துவிட்டு, முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அவளே பேசினாள். லேப்டாப்பை எடு என்றாள்.

அந்தக் காட்சியை அவள்தான் சொன்னாள், நான் அடித்தேன். அவன் பெண்டாட்டியைப் பார்த்து, போய் ஒரு டீ குடிச்சுட்டு வா என்கிறான். அவள் கடைக்குப் போகிறாள். டீ சூடாக இருக்கிறது. ஊதிக் குடிக்கிறாள். திரும்பி வந்தால் பஸ் நின்ற இடம் காலி. என் கை பழக்கத்தில் உன் ஃபான்ட்டுக்குப் போனபோது அவள் தடுத்தாள். “ஒன் எழுத்துல அடி. அவுக எழுத்த இனிமே தொடாத” என்றாள். என் எழுத்தில் அடித்தேன், வந்தது.

நம் வழக்கில் நீ ஜெயித்துவிட்டாய், மாப்ள. உப்புச்சப்பில்லாமல் எதையாவது சொல்லிவிட்டுப் போவான் என்றாயே. அப்படித்தான் போனாய். அவள் உன் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டாம் என்றுதான் அனுப்பினாயா? இல்லை, முகம் வாடியிருக்கிறதே என்று அந்த நேரத்திலும் அவள் பசியைத்தான் பார்த்தாயா? அவளிடம் நான் என்ன பதில் சொல்வது?

எல்லாவற்றையும் ஒரே எழுத்தாக மாற்றச் சொன்னதும் அவள்தான். யார் எழுதியது, யார் எழுதியது என்று பார்த்துப் பார்த்துப் படிக்க இனிமேல் தெம்பு இல்லை என்றாள். பக்கக் கணக்குக்கு என் இடியாப்பம்தான் அடங்குகிறது. நேற்று மாற்றினேன். உன் வரிகள் ஒவ்வொன்றாக மெலிந்து, மெலிந்து, பக்கத்தில் மேலே ஏறின. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த மாதிரியே இருந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு எழுத்திலும் இருக்கிற பழைய பிரதி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். அதில் நான் உன் எழுத்தில் அடித்த அந்தக் காட்சியை அழித்துவிட்டேன். இப்போது அதில் பன் பரோட்டாவில் இருப்பதெல்லாம் நீ எழுதியது மட்டும்தான். நீ போய்விட்டதைச் சொன்னதும், முதல் பக்கத்தில் உன் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடலாமே என்றார் ஆபீஸ்காரர். முடியாது என்று சொல்லிவிட்டேன். அதில் அவருக்கு வருத்தமா என்று தெரியவில்லை. அனுப்பியாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.

செல்வி சேலத்துக்குப் போன் செய்தாள். நீங்கள் வரவில்லை என்று சொன்னதால் வேறு ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறோம், எதற்கும் திங்கட்கிழமை நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்றார்களாம். அந்த ஒரு வார்த்தையை நம்பிப் போகிறாள். கிடைக்காமல் போனால் அதற்கு நான்தான் காரணம். என்னோடு அவள் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். இதுவரை வேண்டாத சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். உனக்கு அங்கே யாரையாவது தெரிந்தால் நீயும் ஒரு வார்த்தை சொல்லி வை.

உனக்கு இரண்டு வாக்குக் கொடுக்கிறேன். உன் எழுத்தில் இனி ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்தில் அவளையும் யாழினியையும் நான்தான் பஸ் ஏற்றிவிடுகிறேன். பஸ் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கண்ணெதிரிலேயே நிற்பேன். தண்ணீர் பாட்டில் வாங்கி வா, பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்கி வா என்று அவள் எதற்கு அனுப்பினாலும் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன், மாப்ள.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
பாண்டி